மெழுகுவர்த்தி சத்தமில்லாமல் எரிகிறது, புளோ டார்ச் (வாயுவை வேகமாகப் பீய்ச்சி எரிக்கும் கைக்கருவி) மட்டும் ஏன் இரைகிறது?

வேகமாக வரும் வாயு உரசுகிற சத்தம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் கொஞ்சம் உண்டு; ஆனால் பற்றவைத்ததும் இரைச்சல் சட்டென்று கூடுவதைக் கவனித்தால், முக்கியக் காரணம் எரிதல்தான் என்று புரியும்.

சுமார் 300 கெல்வினில், அதாவது அறை வெப்பநிலையில், இருக்கும் வாயு-காற்றுக் கலவை எரிந்து 2000 கெல்வினைத் தாண்டும்போது ஆறேழு மடங்கு விரிகிறது. விரிகிற வாயு சுற்றியுள்ள காற்றைத் தள்ளும். ஆனால் ஒரே சீராகத் தள்ளினால் ஒலி வராது. வெப்பம் வெளிப்படும் வேகம் ஏறி இறங்க வேண்டும். அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு சடுதியானதோ, அவ்வளவு வலுவான ஒலி அலை. மெழுகுவர்த்தியில் அந்த வேகம் ஏறத்தாழ மாறாமலே இருக்கிறது, அதனால் அமைதி.

புளோ டார்ச்சின் கொந்தளிப்பான சுடரிலோ, வாயுச் சுழல்கள் சுடரின் பரப்பைக் கசக்கி, மடித்து, கிழிக்கின்றன. இரண்டு மடிப்புகள் நெருங்கி, நடுவில் மாட்டிய எரிபொருள் தீர்ந்ததும் அந்தப் பரப்பு நொடியில் மறைந்துவிடும். அங்கே ஒரு குட்டி அழுத்தத் துடிப்பு கிளம்பும். பெரிதும் சிறிதுமாக இப்படி ஆயிரக்கணக்கில் ஒழுங்கின்றி நடப்பதால்தான் ஒரே சுருதியாக இல்லாமல், சில நூறு ஹெர்ட்ஸை ஒட்டிய 'உர்ர்ர்' என்ற இரைச்சல் கேட்கிறது.

வேடிக்கை என்னவென்றால், வெப்ப ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட ஒலியாவதில்லை.

சரி, சுடரை ஓர் அறைக்குள் அடைத்தால்? சுவர்களில் எதிரொலிக்கும் ஒலியின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் நேரத்திலேயே வெப்பமும் அதிகம் வெளிப்பட்டால் அதிர்வு வளர்ந்துகொண்டே போகும். ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி இதை 1878-லேயே விளக்கிவிட்டார். மனிதரை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினில் இந்த அதிர்வை அடக்க, எரிபொருள் தெளிக்கும் தகட்டில் தடுப்புகளே வைக்க வேண்டியிருந்தது.