ஆன்லைன் மீட்டிங்கில் யாரும் வாய் திறப்பதில்லையா? கோத்தகிரியிலிருந்து சில பதில்கள்

கூடலூர், பந்தலூர், மஞ்சூர், குன்னூர் என்று நீலகிரி மலையெங்கும் சிதறிக் கிடக்கும் கள ஊழியர்களோடு வாராவாரம் ஆன்லைனில் மீட்டிங் நடத்துவது என் வேலை. அதைப் பற்றிப் பலர் கேட்டவையும் என் பதில்களும்.

அக்கா, பேசி முடித்து “ஏதாவது கேள்வி இருக்கா?” என்றால் கிணற்றில் கல் போட்ட மாதிரி இருக்கிறது. (தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம், குன்னூர்)

எல்லோரிடமும் கேட்டால் யாரிடமும் கேட்காத மாதிரிதான். பெயரையோ ஊரையோ சொல்லிக் கூப்பிடுங்கள். அதுவும் பெயர் முதலில், கேள்வி அப்புறம். “உரம் வந்துடுச்சா, மஞ்சூர்?” என்றால், கேள்வி முடிந்த பிறகுதான் அவருக்குத் தன்னைக் கேட்கிறார்கள் என்றே தெரியும். “மஞ்சூர், உங்க பக்கம் உரம் வந்துடுச்சா?” என்று கேளுங்கள். ம்யூட்டை எடுக்க அவருக்கு ரெண்டு நொடி கிடைக்கும். கேட்டபின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நாம்தான் மூன்றிலேயே பொறுமை இழந்து அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுகிறோம்.

இன்னொன்று, முந்தின நாளே வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு கேள்வி அனுப்பிவிடுவேன். ஆரம்பத்தில் இப்படியெல்லாம் செய்யவில்லை. ஒரு முறை இருபத்திரண்டு ஸ்லைடுகளை மூச்சு விடாமல் ஓட்டி முடித்தேன். பந்தலூரிலிருந்து ஒரு குரல்: “அக்கா, கரண்ட் போயி இப்பத்தான் வந்தோம். ஆரம்பிச்சாச்சா?”

ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி, அப்புறம் ரெண்டு பேரும் “நீங்க சொல்லுங்க” என்று நிறுத்திவிடுகிறார்கள். இது ஏன்? (பந்தலூர்)

அவர்கள் மேல் தப்பில்லை. நேரில் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க சராசரியாக 200 மில்லிநொடிதான் ஆகிறது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஆய்வு சொல்வது இது. நெட் வழியாகக் குரல் போய்ச் சேரவே அவ்வளவு நேரம் ஆனால், இடைவெளி இருக்கிறதென்று நினைத்து இருவரும் ஒன்றாக உள்ளே வருவார்கள். அதனால் வரிசையை நீங்களே சொல்லிவிடுங்கள்: “முதலில் கூடலூர், அடுத்து பந்தலூர்.”

ஜூன், ஜூலையில் எங்கள் தகரக் கூரையில் மழை விழுந்தால் என் குரல் எனக்கே கேட்காது. (கூடலூர்)

வயர் உள்ள இயர்போனைப் போட்டு, மைக்கை வாய்ப் பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். பேசாதபோது ம்யூட். சிக்னல் இழுத்தால் முதல் வேலையாக வீடியோவை அணையுங்கள். ஜூமில் குரலுக்கு நொடிக்கு 100 கிலோபிட் கூடத் தேவையில்லை, தெளிவான வீடியோ என்றால் 600 கேட்கும். அதற்கும் மேல் மழை அடித்தால் சாட்டில் எழுதுங்கள். நடத்துபவர் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும், அதுதான் முக்கியம். எழுதியதை யாரும் பார்க்காவிட்டால் அடுத்த வாரம் எழுத மாட்டீர்கள்.

கேமராவை எப்போதும் ஆன் செய்யச் சொல்கிறார் மேனேஜர். நாள் முடிவில் தலைவலி. (ஐடி ஊழியர், உதகை)

உங்கள் மேனேஜரோடு எனக்கு உடன்பாடில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் வீடியோ மீட்டிங் தரும் சோர்வுக்கு நான்கு காரணங்கள் எழுதினார்: எல்லா முகங்களும் மிக அருகில் உற்றுப் பார்ப்பது, நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்காருவது, சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைப்பது. இரண்டாவதற்கு உடனே வழி உண்டு, உங்கள் படத்தை உங்கள் திரையில் மட்டும் மறைத்துவிடலாம். மேனேஜரிடம், வணக்கம் சொல்லும்போது கேமரா, அப்புறம் விருப்பம் என்று கேட்டுப் பாருங்கள்.

எங்களில் பாதிப் பேர் வீட்டில் படகா (நீலகிரியின் படகர் மக்கள் மொழி) பேசுபவர்கள், சிலர் மலையாளம். மீட்டிங் மட்டும் ஆங்கிலத்தில். (கோத்தகிரி)

அமைதிக்குக் காரணம் அங்கேயே இருக்கிறதே! ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கட்டும், பேச்சு தமிழில் நடக்கட்டும். யாராவது படகாவில் சொன்னால் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஒரு வரியில் தமிழில் சொல்லிவிடலாம்.

எத்தனை மணிக்கு வைப்பது நல்லது? (மஞ்சூர்)

இலை எடை போடும் நேரத்தில் மட்டும் வேண்டாம். நேரம் 40 நிமிடம் போதும். ஜூமின் இலவசக் கணக்கு அதற்கு மேல் நம்மை விடுவதுமில்லை.

நாலு பேர் ஆபீஸில் ஒரே அறையில், மற்றவர்கள் போனில். ஒரே ஊளைச் சத்தம். (குன்னூர்)

ஒரு ஸ்பீக்கரின் சத்தம் அடுத்த மைக்கில் ஏறுவதால் வருவது. அறையில் ஒரு கருவியில் மட்டும் மைக்கும் ஸ்பீக்கரும் இருக்கட்டும். போனில் இருப்பவர்களை முதலில் பேசவிடுங்கள்.

ஆரம்பத்தில் விளையாட்டு ஏதாவது வைக்கலாமா? (உதகை)

எனக்கு அதெல்லாம் கூச்சம். “உங்க ஊர்ல இப்ப வானம் எப்படி?” என்று ஒரு சுற்று கேட்பேன். ஜூலையில் கூடலூர் கொட்டிக்கொண்டிருக்கும், கோத்தகிரியில் வெயில் எட்டிப் பார்க்கும். எல்லோரும் ஒரு முறை வாய் திறந்துவிடுவார்கள், லாரியை எந்தப் பக்கம் முதலில் அனுப்புவதென்றும் அங்கேயே முடிவாகிவிடும்.