குழந்தை தள்ளிப்போகும்போது கணவன் மனைவிக்குள் ஏன் பேச்சு நின்றுபோகிறது?

கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை, சிகிச்சை ஆரம்பித்த பிறகு மனைவியோடு பேச்சே குறைந்துவிட்டது, இது எல்லோருக்கும் நடப்பதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையப் பேருக்கு நடக்கிறது. எங்களுக்கும் நடந்தது. எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம், வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறார்.

என்னைக் கேட்டால், குழந்தை இல்லாத வருத்தத்தைவிட ‘குறை யாரிடம்’ என்கிற பேச்சுதான் இரண்டு பேரையும் பிரிக்கிறது. நம் பக்கத்தில் அதற்குப் பதிலை முதலிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். மூன்றாம் மாதமே “விசேஷம் ஏதும் உண்டா?” என்று பெண்ணைத்தான் கேட்பார்கள். ஸ்கேன், ரத்த டெஸ்ட், கர்ப்பக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே எல்லாம் அவளுக்கு. மண்சோறு சாப்பிடுவதும், தீர்த்தமலைக்குப் போய்த் தலையில் தீர்த்தம் விட்டுக்கொள்வதும் அவள்தான். பெண்ணாகப் பிறந்தால் பெற்றவள் குற்றம், பிறக்கவே இல்லை என்றாலும் அவள் குற்றம். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் கொண்டுவர வேண்டியிருந்த மாவட்டம் நம் தர்மபுரி.

ஆனால் குழந்தையின்மையில் ஏறக்குறையப் பாதிக் கேஸ்களில் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனையில் வலி கிடையாது, செலவும் குறைவு. 2 முதல் 7 நாள் வரை உறவு இல்லாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எண்ணிக்கை குறைவாக வந்தால் பயப்படாதீர்கள். விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும். இடையில் கடுமையான காய்ச்சல் வந்து போயிருந்தால்கூட எண்ணிக்கை இறங்கும், அதனால் இடைவெளி விட்டு மறுபடி பார்ப்பார்கள். நீங்கள் இதுவரை செய்யவில்லை என்றால் இந்த வாரமே போய்விடுங்கள்.

எங்கள் விஷயத்தில் எண்ணிக்கை குறைவு அவருக்குத்தான். ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டினோம், வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. வெளியே நான்தான் மருந்து சாப்பிடுகிறவள். சொந்தத்தில் ஒரு வளைகாப்பில் எல்லோரையும் வளையல் போடக் கூப்பிட்டு என்னை மட்டும் விட்டுவிட்டார்கள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. இவருக்கு என் மேல் அக்கறையே இல்லை என்றுதான் நான் நினைத்தேன். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவர் நைட் ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்ததே என் முகத்தைப் பார்க்க முடியாமல் என்று. நான் அழுதேன், அவர் ஒதுங்கினார். இரண்டும் ஒரே வருத்தம்தான், ஆனால் எனக்கு அவருடையதும் அவருக்கு என்னுடையதும் கோபமாகத் தெரிந்தது.

சிகிச்சையும் தன் பங்குக்கு வேலை செய்யும். ‘இன்றைக்கும் நாளைக்கும்’ என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்த பிறகு படுக்கை ஒரு கடமையாகிவிடுகிறது. ஹார்மோன் மருந்தால் காரணமில்லாமல் எரிச்சல் வரும். நாள் தள்ளினால் மனசுக்குள் பெயர் வைக்கும் அளவுக்கு நம்பிக்கை, பிறகு ஒரு காலையில் எல்லாம் போய்விடும். 1993-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெறும் பெண்களின் மனச்சோர்வும் பதற்றமும் புற்றுநோய், இதயநோய் உள்ளவர்களின் அளவுக்கே இருந்ததாகச் சொன்னது. அதனால் உங்கள் மனைவி ‘சும்மா அழுகிறாள்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்களுக்குள் மாற்றம் வந்தது அவர் தன் அம்மாவிடம் தானே போய்ச் சொன்ன அன்றைக்கு. “குறை எனக்கும்மா, இனிமே அவளை எதுவும் கேக்காதீங்க” என்றார். அத்தை ரெண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம் பேச்சு அடங்கியது. எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை, தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். ஆனால் அவர் இப்போது பகல் ஷிஃப்ட்.

இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்று உங்களிடம் யாராவது சொல்லலாம். மனைவி இருக்கும்போது அது குற்றம், குழந்தை இல்லை என்பது இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணமும் கிடையாது. குழந்தை இல்லை என்று பெண்ணை இழிவாகப் பேசுவதை 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வன்முறை என்றே எழுதி வைத்திருக்கிறது. வீட்டில் பெரியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியது நீங்கள். அவள் சொன்னால் வாயாடி என்பார்கள்.

கடன் வாங்குவதற்கு முன்பே, எத்தனை சுற்று, எவ்வளவு பணம் வரை என்று இரண்டு பேரும் பேசி வையுங்கள். நடுவில் சில மாதம் நிறுத்தலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், வயதைப் பார்த்துச் சொல்வார். தூக்கம் போய்விட்டது, சாகலாம் போலிருக்கிறது என்கிற பேச்சு வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். போகும்போது நீங்களும் கூடப் போய் உள்ளே உட்காருங்கள்.