சேதாரம் யார் தலையில்?

கடையில் வாங்கியதிலும் கொடுத்ததிலும் வந்த சந்தேகங்களைக் கேட்டு நீங்கள் எழுதிய கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். பெயரையும் போட்டால் அடுத்த முறை கடைக்காரர் உங்களைப் பேரம் பேசவே விடமாட்டார்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு கடையில் 20 ரூபாய் என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டிலுக்கு 25 ரூபாய் வாங்கினார்கள். "மலை ஏத்திட்டு வர்ற வண்டி வாடகையை யார் கொடுப்பாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். (சூரமங்கலம்)

பதில்: நீங்கள் கொடுத்திருக்க வேண்டியதில்லை. அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம்தான். குளிர வைத்த கூலி என்று சேர்ப்பதும் அதே கணக்கு. நம் மாநிலத்தில் எடையளவுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது தொழிலாளர் துறை. புகாரை அங்கே கொடுக்கலாம்.

ஆனால் வாழ்நாள் முழுக்கப் பொருளியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு அந்தக் கடைக்காரர் கேட்ட கேள்வி கொஞ்சம் உறுத்துகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற்றிவரும் செலவு பொய்யில்லை. கீழே சேலம் லீ பஜாருக்கும் மேலே ஏற்காட்டுக்கும் ஒரே விலை என்று அச்சடித்தது கம்பெனி. அப்படியென்றால் மலைக் கடைக்குக் கமிஷனைக் கூட்டிக் கொடுக்க வேண்டியதும் கம்பெனிதான். அது கொடுப்பதில்லை. அதனால் நீங்களும் கடைக்காரரும் ஐந்து ரூபாய்க்குச் சண்டை போடுகிறீர்கள், கம்பெனி நிம்மதியாக இருக்கிறது.

கேள்வி: வட்டியே இல்லாத மாதத் தவணையில் டிவி எடுக்கலாமா? (மேட்டூர்)

பதில்: வட்டியில்லாத கடன் மாமனார் மட்டும்தான் கொடுப்பார், அவரும் வேறு வழியில் வசூலித்துவிடுவார். கடையில் "மொத்தப் பணமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேளுங்கள். எவ்வளவு குறைகிறதோ அதுதான் உங்கள் வட்டி. கிரெடிட் கார்டு என்றால் பரிசீலனைக் கட்டணம், வட்டிப் பகுதியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று பின்னால் இரண்டு வால் வரும். இந்தச் சுழிய வட்டி விளம்பரத்தை ரிசர்வ் வங்கி 2013-லேயே கண்டித்தாகிவிட்டது. விளம்பரம் மட்டும் போகவில்லை.

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்கிறோம். ஒரு கடையில் சேதாரம் 12 சதவீதம், இன்னொன்றில் 18. எங்கே எடுப்பது, சார்? (ஆத்தூர்)

பதில்: 12 சொன்ன கடையில் செய்கூலி தனியாக உண்டா, கல்லின் எடையைத் தங்கத்தின் எடையோடு சேர்த்து நிறுக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அங்கேயே எடுங்கள். உங்களுக்கான பதில் இவ்வளவுதான். இனி எழுதுவது என் புலம்பல்; அவசரமென்றால் தாண்டிப் போய்விடுங்கள்.

சேதாரத்தை ஏன் சதவீதத்தில் சொல்ல வேண்டும்? கிராம் 6,000 ரூபாய் விற்கும்போது ஒரு சவரன் சங்கிலிக்கு 15 சதவீதச் சேதாரம் என்றால் 7,200 ரூபாய். அதே கிராம் 12,000 ஆனதும் 14,400 ரூபாய். சங்கிலி அதே சங்கிலி, எடை அதே எட்டு கிராம், இழைத்த ஆசாரியின் கை அதே கை. அவர் கூலி இரண்டு மடங்காகிவிட்டதா என்று பட்டறையில் போய்க் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். தையல்காரர் துணியின் விலையில் 15 சதவீதத்தைக் கூலியாகக் கேட்டால் கொடுப்போமா?

சேதாரம் என்றால் ராவும்போதும் உருக்கும்போதும் போகிற பொடி. போகிற பொடியும் முழுக்கப் போய்விடுவதில்லை. பட்டறை வாசலில் குப்பை மண்ணைக் கூட்டி அள்ளி, அலசி, அதிலிருந்து தங்கம் எடுத்தே பிழைக்கிறவர்கள் உண்டு. இயந்திரத்தில் செய்த சங்கிலியில் பொடி இன்னும் குறைவு. அதற்கும் சதவீதம்தான். அந்தச் சேதாரத்தின் மேலும் 3 சதவீத ஜிஎஸ்டி கட்டுகிறீர்கள். நாளைக்கு விற்கப் போனால் சேதாரமும் வரியும் கணக்கிலேயே வராது, தங்கம் மட்டும்தான்.

கடைக்காரர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. விலை ஏறினால் கடையில் முடங்கும் முதலும் ஏறும், அதற்கான வட்டியும் காப்பீடும் ஏறும். சரி, அதைத் தனியாக எழுதிக் கேட்கட்டும். அரசு ஒரே ஒரு விதி போட்டால் போதும்: கூலி, சேதாரம் எல்லாவற்றையும் கிராமுக்கு இத்தனை ரூபாய் என்று விலைப்பலகையில் எழுத வேண்டும். அப்போது எட்டுக் கடை ஏறி இறங்காமலே ஒப்பிடலாம். ஒப்பிட முடியாமல் இருப்பதில்தான் லாபம் என்பதால் இந்த விதி அவ்வளவு சீக்கிரம் வராது.

மறக்காமல் ஒன்று. நகையில் ஆறு இலக்க ஹால்மார்க் எண் இருக்கிறதா என்று பார்த்து, பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபாருங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம்.

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கினேன். பில் வேண்டாமென்றால் வரியைக் கழித்துத் தருகிறேன் என்றார், சரி என்றேன். எட்டே மாதத்தில் படுத்துவிட்டது. வாரண்டி அட்டையில் கடை முத்திரைகூட இல்லை. வழக்குப் போடலாமா? (ஜாகீர் அம்மாபாளையம்)

பதில்: எதை வைத்துப் போடுவீர்கள்? பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆனால் உங்களுக்கு யாரும் மறுக்கவில்லை; வேண்டாம் என்றது நீங்கள். அரசுக்குப் போக வேண்டிய பணத்தை நீங்களும் அவரும் பங்கு போட்டுக்கொண்டீர்கள். அவர் பங்கு அவரிடம் பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் இதே கடிதம் வேறு வேறு ஊரிலிருந்து வருகிறது. சில மாதம் மிக்சி, சில மாதம் மோட்டார்.

கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் ஜிபேயில் போட்டிருந்தால் அந்தப் பதிவைத் தேடி எடுங்கள். பேட்டரியின் சீரியல் எண்ணோடு சேர்த்து நேராகக் கம்பெனிக்கு எழுதுங்கள், 1915-க்கும் போன் செய்யுங்கள். அதற்கு மேல் என்னிடம் மந்திரம் இல்லை.

கேள்வி: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லிலேயே அச்சிட்டிருக்கிறார்களே, செல்லுமா? (சங்ககிரி)

பதில்: பழுதான பொருளுக்குச் செல்லாது. பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடுவே போடவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது சட்டப்படி தவறு. மாமியாருக்கு நிறம் பிடிக்கவில்லை என்பது பழுதில் சேராது.

கேள்வி: பேத்திக்குக் கொலுசு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. மாற்றிப் பெரிதாக எடுக்கலாம் என்று வேறு கடைக்குப் போனால் 60 டச்கூட, அதாவது நூற்றுக்கு அறுபது பங்கு வெள்ளிகூட, இல்லை என்று சொல்லி, எடையில் பாதிக்குத்தான் விலை போட்டார்கள். விற்றவர் நல்ல வெள்ளி என்றுதான் கொடுத்தார். கூலி வேலை செய்து சேர்த்த காசு ஐயா. (ஓமலூர்)

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, அம்மா. 60 டச் கொலுசும் 90 டச் கொலுசும் மெருகு போட்டு வைத்தால் கண்ணுக்கு ஒன்றுதான். அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து இதைத்தான் எழுதினார். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால், எல்லாப் பொருளுக்கும் சுமாரான விலைதான் கிடைக்கும். அந்த விலைக்கு நல்ல பொருள் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் நல்லவன் கடையை மூடுவான். 2001-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. செவ்வாய்ப்பேட்டையில் ஒழுங்காக டச் வைத்துச் செய்யும் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கு இது பரிசு இல்லாமலே தெரியும். உங்களை ஏமாற்றியவர் அவர்கள் பிழைப்பிலும் மண் போட்டிருக்கிறார்.

தங்கம் மாதிரி வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. 2025 செப்டம்பரிலிருந்து வெள்ளிக்கும் தனி எண் வந்திருக்கிறது, அதுவும் விருப்பப்பட்டால்தான். இனி வாங்கினால் அந்த எண் உள்ளதைக் கேளுங்கள், அல்லது 'இத்தனை டச், திரும்பக் கொடுத்தால் இந்தக் கணக்கில் எடுப்போம்' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய பில் இருந்தால் எடுத்துக்கொண்டு முதலில் விற்ற கடைக்கே போய்ப் பேசிப் பாருங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். உங்கள் கதையில் மூன்று வருடம் என்பதால், விஷயம் இப்போதுதான் தெரிந்தது என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். ஐந்து லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவேண்டிய அவசியமும் இல்லை.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் 'இளம்பிள்ளைத் தறியிலிருந்து நேரடியாக, சுத்தப் பட்டு' என்று 1,100 ரூபாய்க்கு வாங்கினேன். பட்டு மாதிரியே இல்லை. (பெங்களூரிலிருந்து ஒரு சேலத்துப் பெண்)

பதில்: 1,100 ரூபாய்க்குச் சுத்தப் பட்டுச் சேலை கிடைத்தால் எனக்கும் நாலு அனுப்புங்கள். சில்க் மார்க் சீட்டு இருந்ததா? ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகிய நாற்றம் வந்து சாம்பல் பொடிந்தால் பட்டு; உருகி உருண்டையானால் பாலியஸ்டர். செயற்கைப் பட்டை அப்படியே சொல்லி நியாயமான விலைக்கு விற்கும் இளம்பிள்ளைக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். ஊர்ப் பெயரை ஒட்டி விற்கிறவர் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்றில்லை.

கேள்வி: ஏற்காடு காபித்தூளில் உண்மையானது எது? (அஸ்தம்பட்டி)

பதில்: பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சிக்கரி 49 சதவீதம் வரை கலக்கச் சட்டமே அனுமதிக்கிறது, எவ்வளவு என்று அச்சிட வேண்டும். மலையில் காபிச் செடி இருநூறு வருடமாக இருக்கிறது என்பதால் மலையில் விற்பதெல்லாம் காபி ஆகிவிடாது. நானும் ஒருமுறை எஸ்டேட் வாசனை என்று மயங்கி ஒரு கிலோ வாங்கி வந்தேன். வீட்டில் கண்ணாடி போட்டுப் பார்த்தால் 47 சதவீதம் சிக்கரி. கட்டிலுக்கடியில் கிடக்கும் கால் அழுத்தும் இயந்திரத்தைப் பற்றி இன்னொரு நாள்.

கேள்வி: பக்கத்துத் தெருப் பெண்மணியிடம் தீபாவளிச் சீட்டு கட்டினோம். மாதம் 500, தெருவில் எல்லோரும். போன வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். பேங்கில் போட்டிருக்கலாமே என்று வீட்டுக்காரர் திட்டுகிறார். (அம்மாபேட்டை)

பதில்: அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பேங்கில் போட்ட பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். வாரக் கூலி வீட்டில் அதுவே பிரச்சினை. யாரோ ஒருவர் மாதாமாதம் வாசலில் வந்து நின்று வாங்கிப்போனால்தான் பண்டிகைக்குக் கையில் காசு நிற்கும். அந்த வேலையை எந்த பேங்கும் செய்ய வருவதில்லை, சீட்டுக்காரம்மா செய்தார். நீங்கள் வட்டிக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை.

இப்போது செய்ய வேண்டியது: தனித்தனியாக அலையாதீர்கள். தெருவில் கட்டிய எல்லோருடைய சீட்டு அட்டைகளையும் நகல் எடுத்து, யார் எவ்வளவு கட்டினார்கள் என்று ஒரே பட்டியலாக எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒன்றாகப் போய் போலீசில் கொடுங்கள். தொகை பெரிதென்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள். அசல் அட்டையை யார் கேட்டாலும் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஓட்டல் பில்லில் சேவைக் கட்டணம் 10 சதவீதம். கொடுத்தே ஆக வேண்டுமா? (குகை)

பதில்: வேண்டாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். பரிமாறிய தம்பிக்குக் கையில் கொடுங்கள்.

கேள்வி: ஜவ்வரிசியில் பளீர் வெள்ளை நல்லதா, கொஞ்சம் மங்கலாக இருப்பதா? (தாரமங்கலம்)

பதில்: மங்கல். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, தோல் நீக்கி நல்ல தண்ணீரில் கழுவி அரைத்தாலே போதுமான வெள்ளை வரும். அதற்கு மேல் வெளுப்பு கேட்பது வாங்குகிறவர்கள், கேட்டதற்காக ரசாயனம் போடுவது ஆலை. பாயசத்தில் வெந்த பிறகு எல்லாம் கண்ணாடி நிறம்தான். உதிரியாக வாங்காமல் உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிட்ட பாக்கெட்டாக வாங்குங்கள்.