எம்35ஏ2 ராணுவ லாரியில் ஒரு பின் ஆக்ஸிலை எடுத்துவிட்டு 46 அங்குல டயர் போடப் போகிறேன். டிஃபரன்ஷியல் விகிதத்தையும் மாற்ற வேண்டுமா? லாக்கர் (இடது வலது வீல்களை ஒன்றாகச் சுற்றவைக்கும் பூட்டு) எந்த ஆக்ஸிலில் போடுவது?

விகிதத்தைத் தொடாதீர்கள். இந்த அமெரிக்க இரண்டரை டன் லாரியின் ராக்வெல் ஆக்ஸில் 6.72:1; அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட் 6.72 சுற்று சுற்றினால் வீல் ஒரு சுற்று. உள்ளே இரண்டு கட்டமாக வேகம் குறைகிறது: முதலில் பெவல் கிரௌன்-பினியன், பிறகு ஹெலிகல் கியர் ஜோடி. சாதாரண ஆக்ஸில் மாதிரி வேறு விகிதத்தில் ஒரு செட் வாங்கி மாட்டுவது இதில் எளிதல்ல. 5 டன் லாரியின் ஆக்ஸில் 6.44தான், நான்கு சதவீத வித்தியாசத்துக்காக அவ்வளவு எடையையும் 10 போல்ட் வீலையும் ஏற்றுவது வீண். அதைப் பின்னால் மட்டும் போட்டு முன்னால் 6.72ஐ விட்டால், நாலு வீலும் இழுக்கும்போது கெட்டித் தரையில் ஷாஃப்ட்டுகள் முறுக்கேறி எங்காவது உடையும்.

டயர்தான் இங்கே கியர். கணக்கு இது: ஆர்பிஎம் × டயர் சுற்றளவு (மீட்டர்) × 0.06 ÷ (கியர் × ஆக்ஸில் விகிதம்) = மணிக்கு கி.மீ. ஐந்தாம் கியர் சுமார் 0.79, இன்ஜின் உச்சம் 2600. பழைய 9.00-20 டயர் ஏறத்தாழ 40 அங்குலம்; அதில் 94 வரும், சுமையில் டயர் அமுங்குவதால் சாலையில் 90தான். 46 அங்குலத்தில் 108. ஆனால் 2600லேயே பிடித்து ஓட்டக் கூடாது. 2200ல் 91 வருகிறது, அதுவே நிம்மதியான வேகம். டயர் 40லிருந்து 46 ஆனது, ஆக்ஸில் விகிதம் 6.72லிருந்து 5.84 ஆனதற்குச் சமம்.

இதற்கு விலை உண்டு. இழுவையில் 13 சதவீதம் போய்விடும், மேட்டில் ஒரு கியர் முன்கூட்டியே இறக்க வேண்டும். பிரேக் பிடிப்பும் அதே அளவு குறையும். இந்த லாரியின் ஹைட்ராலிக் பிரேக் ஒற்றைச் சர்க்யூட் (எல்லா வீலுக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை, ஓரிடத்தில் கசிந்தாலும் பிரேக் முழுதும் போகும்) என்பதால், டயர் வாங்கும் முன் அதை இரட்டைச் சர்க்யூட்டாக மாற்றுங்கள். என் வரிசையில் லாக்கர் அதற்குப் பிறகுதான்.

லாக்கரைப் பின்னால் மட்டும் போடுங்கள். இந்த ஆக்ஸிலுக்குத் தானாகப் பூட்டி விடும் டெட்ராய்ட் லாக்கர் கிடைக்கிறது. வீல்பேஸ் குறைந்த வண்டியில், ஈரச்சாலை வளைவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் ஒதுங்கும். காலை மெதுவாக எடுங்கள். முன்னால் போட்டால் பவர் இல்லாத ஸ்டீயரிங் இன்னும் கனக்கும், நக்கிள் ஜாயின்ட்டுக்கும் சுமை.

டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இழுவையைப் பிரித்தனுப்பும் பெட்டி) ஸ்ப்ராக் வகை, அதாவது பின் வீல் வழுக்கி வேகமாகச் சுற்றும்போது முன் ஆக்ஸிலைத் தானாகச் சேர்க்கும் வகை என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பின் டயர் முன் டயரைவிடத் தேய்ந்து சிறிதாகிவிட்டால், தேவையில்லாதபோதும் முன் ஆக்ஸில் பிடித்துக்கொள்ளும். அதனால் புது டயர் எப்போதும் பின்னால்.

வாங்கப்போகும் ஆக்ஸிலைச் சோதிக்க: புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுங்கள், ஒரு வீலைத் தரையில் விட்டு மற்றதை ஜாக்கியில் தூக்குங்கள். தூக்கிய வீலை இரண்டு முழுச் சுற்று சுற்றினால், பினியன் ஃபிளாஞ்ச் (ஷாஃப்ட் மாட்டியிருந்த தட்டு) ஆறே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்ற வேண்டும். வீல் அசையவே இல்லையென்றால், உள்ளே யாரோ ஸ்பைடர் கியரை (இரண்டு வீலும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் பற்சக்கரங்களை) வெல்டு செய்திருக்கலாம். மேல்மூடியைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.