அழுத்தத்துக்கு நடுவே ஓர் ஆய்வேட்டை மதிப்பிடுவது

அன்புடையீர், செல்வாக்குள்ள அரசியல்வாதி ஒருவரின் முனைவர் பட்ட ஆய்வேட்டில் பல பக்கங்கள் பிறர் கட்டுரைகளிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டிருப்பதைக் கண்டீர்கள் என்றும், அதைப் பொருட்படுத்தாமல் கையெழுத்திடும்படி துறைத்தலைவர் வாய்மொழியாக வற்புறுத்துகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள்.

முதலில், பிற நூல்களுடன் ஒத்திருக்கும் பகுதிகளைக் கண்டறியும் மென்பொருள் தரும் விழுக்காட்டை மட்டும் நம்பி அறிக்கை எழுதாதீர்கள். முறையான மேற்கோள்களும் நூற்பட்டியலும்கூட அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவதால், எதிர்த்தரப்பு அதை எளிதாகத் தகர்த்துவிடும். மூலப் பத்தியையும் ஆய்வேட்டின் பத்தியையும் பக்க எண்களுடன் அருகருகே வைத்துக் காட்டுங்கள். அந்த அரசியல்வாதி வேண்டுமென்றே செய்தாரா என்ற கேள்விக்குள் நீங்கள் போக வேண்டியதில்லை. 2011இல் ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த குட்டன்பெர்க்கின் பட்டத்தை பைராய்ட் பல்கலைக்கழகம் திரும்பப் பெற்றபோது, உள்நோக்கத்தை முடிவு செய்யாமலே, மூலங்களைக் குறிப்பிடும் கடமை மீறப்பட்டதை வைத்தே முடிவெடுத்தது. வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று விசாரணைக் குழு சொன்னது பிறகுதான். பதவியில் இருப்பவர் விஷயத்தில் இந்த வரிசை மிக முக்கியம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

துறைத்தலைவரின் அறிவுறுத்தலை எழுத்தில் தருமாறு பணிவுடன் மின்னஞ்சலில் கேளுங்கள். மறுத்தால், உரையாடலின் சாரத்தை நீங்களே தேதியிட்டு அவருக்கு அனுப்பி, நகலைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் கட்சி, பதவி எதையும் குறிப்பிடாதீர்கள். அதைப் பதிவாளருக்கு முறைப்படி அனுப்பி ஒப்புகை பெறும்வரை ஊடகங்களிடம் பேச வேண்டாம்.