இரண்டாவது குரல் எங்கே நிற்க வேண்டும்? (கேள்வி பதில்)

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கை: ஃபர்ஸ்ட் எய்ட் கிட் இசைக்குழு பாடினால் மெய் சிலிர்க்கிறது. இருப்பது இரண்டே குரல்தானே?

இரண்டு குரல்தான், ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரத்தில் அடுக்கிப் பாடுகின்றன (ஹார்மனி என்பார்கள்). ஆனால் ஒரே வீட்டில் வளர்ந்தவை. சுவீடன் சகோதரிகள் அவர்கள். ஃப்ளீட் ஃபாக்ஸஸ் என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு ஒன்றைக் காட்டுக்குள் நின்று பாடி 2008இல் யூடியூபில் போட்டார்கள், அதிலிருந்துதான் பெயர் பரவியது. 'ஆ' சொல்ல ஒருத்தி எவ்வளவு வாய் திறப்பாளோ, மற்றவளும் அவ்வளவுதான். இரண்டு குரல் கலப்பதில் பாதி வேலை இந்த உச்சரிப்புத்தான்.

மூதூர் அண்ணன்: அப்படியென்றால் கூடப்பிறந்தவர்களுக்குத்தான் வருமா?

இல்லை. 1969இல் முதல் இசைத்தட்டு வெளியிட்ட கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் என்ற பாடகர்கள் மூவரும் இப்படித்தான் அடுக்கிப் பாடினார்கள், அவர்கள் மூன்று வீட்டுப் பிள்ளைகள்.

நிலாவெளி ஆசிரியை: நம்முடைய இசையில் இப்படி அடுக்கிப் பாடுவது ஏன் இல்லை?

கச்சேரியில் ராதா - ஜெயலட்சுமி, பம்பாய் சகோதரிகள் எல்லாரும் சேர்ந்து பாடியது ஒரே மெட்டைத்தான். நமது சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, கமகத்தில் அசைந்துகொண்டே இருக்கும். அசைகிற சுரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் எங்கே போய் நிற்பது? குறை என்று நான் சொல்லமாட்டேன், அழகை வேறு இடத்தில் வைத்திருக்கிறோம். கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாடலிலும் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். அது முறை வைத்துப் பாடுவது, அடுக்கிப் பாடுவது அல்ல.

தம்பலகாமம் தம்பி: நானும் நண்பனும் பழகப் பார்க்கிறோம். எங்கே தொடங்குவது?

முதலில் கீபோர்டை மூடி வையுங்கள். போனில் தம்பூரா செயலியைப் போட்டு, நீங்கள் 'ச' பிடியுங்கள், நண்பர் அந்தர காந்தாரம் (சங்கராபரணத்தில் வரும் 'க') பிடிக்கட்டும். இரண்டையும் அசைக்காமல் நீட்டுங்கள். 'ச' 240 ஹெர்ட்ஸ் என்றால் சுத்தமாகச் சேரும் காந்தாரம் 300, அதாவது நாலுக்கு ஐந்து. கீபோர்டில் அது 302ஐத் தாண்டிவிடும், அதனால்தான் மூடச் சொன்னேன். சேராதபோது சத்தம் படபடவென்று அதிரும். நண்பர் மெல்ல இறங்கி வர, அதிர்வு அடங்கும் இடம் ஒன்று வரும். அதைக் காது பிடித்துவிட்டால் பாட்டுக்குப் போகலாம். கமகம் குறைந்த நேரான மெட்டாக எடுங்கள், தாலாட்டு நல்லது.

கிண்ணியா சகோதரர்: மேல் குரல் எனக்கு எட்டவில்லை.

அப்போது கீழே பாடுங்கள். மெட்டை மற்றவர் மேலே பாடட்டும். ஒரு காதை விரலால் லேசாக மூடிக்கொண்டால் உங்கள் சுரம் தெளிவாகக் கேட்கும். முழுதாக மூடவேண்டாம், மற்றவர் பாடுவதும் கேட்க வேண்டும்.