மூட்டுகளை வழுக்க வைக்கும் புரதம்: கேள்வி பதில்

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ், 24 வயது): ஐயா, ஃபுட்சால் ஆடியபோது முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்துவிட்டது. வழுக்கும் புரதம் ஒன்றை ஊசியாகப் போட்டால் குருத்தெலும்பு தேயாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: தம்பி, அதன் பெயர் லூப்ரிசின். சௌராஸ்தா சந்தையில் வாங்கிய கோழிக்காலை மூட்டோடு பிரித்து, எலும்பு நுனியில் பளபளக்கும் வெள்ளைப் பகுதியைத் தடவிப் பாருங்கள். விரல் நிற்காமல் நழுவும். மூட்டுறையின் உட்சவ்வும் குருத்தெலும்பின் மேலடுக்குச் செல்களும் சுரக்கும் லூப்ரிசின், அந்தப் பரப்பில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு உராய்வைக் குறைக்கிறது. காயத்தால் அழற்சி ஏற்படும்போது வெளிப்படும் நொதிகள் இப்புரதத்தைச் சிதைக்கின்றன. புதிதாகச் சுரப்பதும் குறைகிறது. உங்களைப் போல் ஏசிஎல் கிழிந்தவர்களின் மூட்டு நீரைச் சோதித்து 2008இல் வெளியான ஆய்வில், குறைந்துபோன அளவு பழைய நிலைக்கு வர ஏறத்தாழ ஓராண்டு ஆனது தெரியவந்தது. குருத்தெலும்புக்கு நரம்பு இல்லாததால் அது தேயத் தொடங்குவதை வலி உங்களுக்கு உணர்த்தாது என்பதுதான் என் பெரிய கவலை.

தசைநார் அறுக்கப்பட்ட எலிகளின் மூட்டில் லூப்ரிசினைச் செலுத்தியபோது குருத்தெலும்புச் சேதம் குறைந்தது. ஆனால், மனித மூட்டுக்கென்று அனுமதி பெற்ற லூப்ரிசின் ஊசி இன்னும் வரவில்லை. யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி (பினாங்கு): தண்ணீர்மலைக் கோயில் படியேற முடியாமல் ஹைலுரோனிக் அமில ஊசி போட்டுக்கொண்டேன். அதுவும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை அம்மா. ஹைலுரோனிக் அமிலம் மூட்டு நீருக்குக் கொழகொழப்பைத் தருகிறது. படியேறும்போது எடை அழுத்தி, இரு பரப்புகளும் ஏறக்குறைய தொட்டுக்கொள்ளும் கணத்தில் காப்பது லூப்ரிசின் படலம். இரண்டும் சேர்ந்துதான் நன்றாக வேலை செய்கின்றன. பிஆர்ஜி4 என்ற மரபணு பழுதாகி லூப்ரிசின் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே மூட்டுகள் கெடுகின்றன. அந்தக் காரணம் 1999இல் கண்டறியப்பட்டது. இப்புரதம் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

கேள்வி (செந்தூல்): லூப்ரிசின் மாத்திரையாகக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. விழுங்கினால் மற்ற புரதங்களைப் போல வயிற்றிலேயே செரித்துவிடும்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): அப்படியானால் நான் இப்போது என்ன செய்வது, ஐயா?

பதில்: வீக்கம் வடியும்வரை ஓடுவதும் குதிப்பதும் வேண்டாம். அதற்காகக் காலை அசைக்காமலும் வைத்திருக்காதீர்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் மெதுவான மடக்கு நீட்டுப் பயிற்சியைத் தவறாமல் செய்யுங்கள், ஏனெனில் மூட்டு அசையும்போதுதான் மேலடுக்குச் செல்கள் லூப்ரிசினை அதிகம் சுரக்கின்றன. தொடைத் தசை வலுப்பெற்றதைச் சோதித்து மருத்துவர் ஒப்புதல் தந்த பிறகே ஆட்டத்துக்குத் திரும்புங்கள்.